வாயிலைத் தாண்டாத முகவரிகள்

மும்பை மாதுங்காவிலோ தில்லி கரோல் பாகிலோ வசிக்கும் நமக்கு ஊரிலிருந்து கடிதம் வரவேண்டுமாயின், கதவிலக்கத்தோடு தெரு, பேட்டை, நகரம் எல்லாம் எழுதவேண்டும். நாம் வேலை பார்க்கும் அலுவலகத்தினுள்ளோ 21 என்ற உள் தொலைபேசி எண்ணே போதும். கணக்குப் பிரிவு பேசும். அடுத்த கட்டடத்திலும் ஒரு 21 இருக்கலாம். அதனால் குழப்பமில்லை, அவ்வெண் வாயிலைத் தாண்டுவதில்லை அல்லவா?

கணினிகளுக்கும் இவ்வழக்கம் உண்டு. நான்கு எண்களால் அமைந்த ஐ.பி. முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடிதான். 1996-ஆம் ஆண்டின் விதி ஆவணம் ஒன்று அவற்றில் மூன்று தொகுதிகளை உள் உபயோகத்துக்கென ஒதுக்குகிறது. 10 என்று தொடங்கும் தொகுதியில் மட்டும் ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகள். கணினிகளை வாடகைக்கு விடும் 'கிளவுட்' நிறுவனங்களில், ஒரே எண்ணை ஆயிரம் வாடிக்கையாளர் தத்தம் வளாகத்துள் வைத்துக்கொள்ளலாம்.

இவற்றுக்கு அப்பால் 169.254 என்று தொடங்கும் தொகுதி ஒன்று. முகவரி கிடைக்காத கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொள்வதற்காக ஏற்பட்டது அது. இத்தொகுதியிலுள்ள 169.254.169.254 என்ற முகவரியை அமேசான், மைக்ரோசாப்ட், கூகிள் மூன்றும் ஒரு விசேஷப் பணிக்கு வைத்திருக்கின்றன. வாடகைக் கணினி அம்முகவரியை அணுகி, "நான் யார்?" என்று வினவும், பெயரும் இருப்பிடமும் விடையாக வரும். கேட்டால், சேமிப்பறைகளைத் திறக்கும் தற்காலிகச் சாவியும் வரும்!

வெளியார் எவரும் அங்கே நேராகச் செல்ல முடியாது. ஆயினும் உள்ளேயிருக்கும் ஒருவனை ஏமாற்றி, அவன் வாயால் கேட்கச் செய்யலாமே! 2019-இல் அமெரிக்க வங்கி ஒன்றில் நிகழ்ந்தது அதுதான். காவலுக்கென்று வைத்த மென்பொருளே, பிழையான அமைப்பின் காரணமாக, வெளியாள் சொன்னதை உள்ளே போய்க் கேட்டுச் சாவியை வாங்கிக் கொடுத்துவிட்டது. சுமார் பத்துக் கோடி அமெரிக்கரின் விவரங்கள் களவு போயின. உள்ளிருந்து கேட்பவர் எல்லோரும் நம்மவரே என்று கருதியதன் விலை அது.

அவ்வாண்டு நவம்பரில் அமேசான் புதிய முறையொன்றைக் கொணர்ந்தது. கணினி முதலில் தனி வகை வேண்டுகோளால் ஓர் அனுமதிச் சீட்டைப் பெறவேண்டும். அதைக் காட்டினால்தான் விடை. சொன்னதைச் சொல்லும் ஏமாளித் தூதனுக்கு அச்சீட்டை வாங்குவது பெரும்பாலும் இயலாது. ஆனால் பழைய முறையில் அமைத்த கணினிகளில் அப்பழைய வாயிலை அடைப்பது வாடகைக்கு எடுத்தவர் வேலை. உங்களில் எவரேனும் அலுவலகத்தில் அப்பொறுப்பில் இருந்தால், நாளைக் காலை அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.