கையொப்பம் நீரை இறைக்காது



2017 அக்டோபர் 7 அன்று பெய்த பெருமழையில், சிங்கப்பூரின் பீஷான், பிராடல் நிலையங்களுக்கிடையிலான இரயில் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. ஏறத்தாழ 20 மணி நேரம் போக்குவரத்துத் தடைபட்டது. நீரிறைக்கப் பம்புகள் இருந்தும் அவை இயங்கவில்லை. காரணம் யாது? செய்யாத பராமரிப்பைச் செய்ததாகப் பதிவேட்டில் கையொப்பமிட்டிருந்தனர்!

நம் பம்புக் கொட்டகைக்கும் இது பாடமாகும். மிதவைச் சுவிட்சை உலர்ந்த கோலால் உயர்த்தி, பம்பு இயங்குகிறதா எனச் சோதியுங்கள். ஓடுகையில் அழுத்தமானி, ஒலி, சூடு ஆகியவற்றைக் கவனியுங்கள். நீரின்றி ஓடவிடாதீர்கள். மையவிலக்குப் பம்பை நிறுத்துகையில், நீர் வெளியேறும் வால்வை மெல்ல அடைத்த பின்னரே மோட்டாரை நிறுத்துங்கள். பழுது பார்க்குமுன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில், கண்டதையும் செய்ததையும் மட்டுமே எழுதுங்கள்.