இசைத்தட்டும் ஒலியளவும்



மாத்தளை நகருக்குச் சற்று வடக்கே, பெரும் பாறைகளுக்கிடையே அமைந்துள்ளது அலுவிகாரை. கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுகாறும் வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம் இங்கேதான் ஓலையில் எழுதப்பட்டது என்பர். போரும் பஞ்சமும் சூழ்ந்த காலம் அது. ஓதுவோர் உயிருடன் இருக்கும்போதே ஏட்டில் ஏற்றிவிட வேண்டும் என்ற கவலையே அப்பணிக்குக் காரணம்.

பழைய இசைத்தட்டுகளை வைத்திருப்போர்க்கும் இன்று அக்கவலை வேண்டும். மலைநாட்டின் ஈரக்காற்றில் தட்டின்மீது பூஞ்சணம் படர்கிறது. ஓடும் ஒவ்வொரு தடவையும் ஊசி அதன் வரியைச் சிறிது தேய்க்கிறது. ஆகவே, தட்டு நல்ல நிலையில் இருக்கும்போதே அதனைக் கணினியில் ஏற்றிவைத்தல் அறிவுடைமை. அப்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒலியளவு.

கணினியின் அளவுமானியில் பூச்சிய டெசிபல் என்பதே உச்ச எல்லை. அதற்கு மேல் எழும் ஒலியலைக்கு இடமில்லை, முகடு வெட்டுண்டு தட்டையாகிவிடும், கேட்கும்போது கரகரக்கும். ஏடு எழுதுவோன் எழுத்தாணியை ஓலையின் விளிம்புக்கு அப்பால் ஓட்டினால், வெளியே போன எழுத்தை எவரால் மீட்க இயலும்? எழுத்துச் சிறிதானாலோ பூதக்கண்ணாடி கொண்டு படித்துக்கொள்ளலாம். ஒலிப்பதிவும் அத்தகையதே. குறைந்த ஒலியைப் பின்னர் உயர்த்தலாம். வெட்டுண்ட ஒலியை முன்போல் ஆக்க இயலாது.

ஒலிநாடாவிற்கு இயல்பாகவே ஓர் இரைச்சல் உண்டு. அதனை அமுக்குவதற்காக, அளவுமானியின் முள்ளை உயரத்தில் ஓடவிடுவது அக்காலப் பதிவாளர் வழக்கம். அளவு சற்று மீறினாலும் நாடா அதனைப் படிப்படியாகவே நசுக்கும். கணினியிடம் அந்தப் பொறுமை இல்லை. ஆதலால் பழைய வழக்கத்தை இங்கே கைவிட வேண்டும்.

அளவைக் குறைத்தால் தரம் கெடுமோ என்று சிலர் அஞ்சலாம். 24 பிட் பதிவில் ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபலுக்குச் சமம். உச்சத்திற்கு 12 டெசிபல் கீழே நிறுத்தினால் 2 பிட்டுகளே பயன்படாது போகும். எஞ்சிய 22 பிட்டுகள் கொள்கையளவில் 130 டெசிபலுக்கு மேற்பட்ட வீச்சைத் தாங்கும். வினைல் தட்டின் இரைச்சலுக்கும் அதன் உரத்த ஒலிக்கும் இடையிலுள்ள தூரமோ பொதுவாக 70 டெசிபலுக்குள் அடங்கிவிடும். அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது?

இனிச் செய்முறை. தட்டைத் தூய்மை செய்க. 24 பிட் பதிவைத் தேர்ந்துகொள்க. கணினி தானாகவே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு இருந்தால் அதனை நிறுத்திவிடுக. பின்னர், தட்டில் மிக உரத்த பகுதியை மட்டும் ஓடவிட்டு மானியைக் கவனிக்க. நாகசுரம் உச்சத்தை எட்டும் இடத்திலும், தவில் முழங்கும் இடத்திலும், பூச்சியத்திற்கு 6 முதல் 12 டெசிபல் வரை கீழே நிற்குமாறு அளவை அமைக்க. கீறலால் எழும் 'டக்' என்ற ஓசை இசையினும் உயர்ந்து பாய்வதுண்டு. அதற்கும் இவ்விடைவெளி இடமளிக்கும்.

அளவைக் குறைக்க வேண்டிய இடம், ஒலி கணினிக்குள் நுழையும் வாயில். அங்கே வெட்டுண்ட அலையை உள்ளே சென்றபின் தாழ்த்துவதால் பயனில்லை. ஒருமுறை அமைத்த அளவை, தட்டின் இரு பக்கமும் ஓடி முடியும்வரை மாற்றலாகாது. மாற்றினால், பாடகர் வேண்டுமென்றே தாழ்த்திப் பாடிய இடமும் உயர்த்திப் பாடிய இடமும் தம் வேறுபாட்டை இழக்கும்.

பதிந்த மூலக்கோப்பைத் திருத்தாமல் தனியே வைக்க. இரைச்சல் நீக்குவதும் ஒலியை உயர்த்துவதும் அதன் பிரதியில் நடைபெறட்டும். மூலத்தை இரண்டு வேறு இடங்களில் காப்பது நன்று. 1848-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அலுவிகாரையின் ஏட்டுச் சுவடிகள் அழிந்தன என்று கூறுவர். ஓரிடத்தில் மட்டும் இருக்கும் செல்வம் ஒரே நாளில் போய்விடக்கூடும்.

பதிவு முடிந்ததும் முழுவதையும் ஒருமுறை கேட்டுப் பார்த்து, உச்சத்தில் எங்கும் வெட்டுப்படவில்லை என்பதை உறுதி செய்துகொள்க. அதன் பின்னரே தட்டை உறையிலிட்டு, படுக்க வைக்காமல், நிமிர்த்தி அடுக்குக.