தானாக வாசிக்கும் பியானோவும் நம் பாடற்குழுவும்
(பொன்விழாவை ஒட்டிப் பெரம்பலூர், அரியலூர் வட்டாரப் பாடற்குழுவினர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 

பொன்விழா நினைவாக ஆலயத்திற்கு ஒரு பியானோ வாங்கி, அதில் தானாக வாசிக்கும் கருவியையும் பொருத்தித் தர, வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகள் சிலர் விரும்புகிறார்கள். "வாசிக்க ஆள் வராத ஞாயிறுகளில் அதுவே வாசித்துவிடும், சாமி" என்கிறார்கள். அவர்களது அன்புக்கு நன்றி. ஆயினும் பணம் கொடுக்குமுன் எதை வாங்குகிறோம் என்பதை நாம் அறிய வேண்டாமா?

பியானோவில் 88 கட்டைகள். கட்டையை அழுத்தினால் உள்ளே சுத்தியல் எழும்பித் தந்தியைத் தட்டும். இந்தப் பியானோவில் பின்னர் பொருத்தும் கருவிகள் இருவகை.

முதல்வகை, தானாக வாசிப்பது. இது புதுமை அன்று. 1895இல் அமெரிக்காவில் எட்வின் வோட்டி என்பவர், துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு பியானோவை வாசிக்கும் பொறியை அமைத்தார். இன்று காகிதச் சுருள் இல்லை. கட்டைகளின் அடியில் மின்காந்தச் சுருள்கள் வரிசையாக இருக்கும். கணினிக் குறிப்பின்படி அவை கட்டைகளைத் தூக்க, ஆளில்லாமலே இசை எழும்.

இரண்டாம்வகை, ஓசையின்றிப் பழகுவது. சுத்தியல் தந்தியைத் தொடுமுன் ஒரு குறுக்குச் சட்டம் அதைத் தடுத்துவிடும். கட்டையின் அசைவை உணரிகள் அறிந்து, பதிவுசெய்த ஒலியை ஹெட்போனில் தரும். விரலுக்குப் பியானோவின் கனமே கிடைக்கும். அடுத்த அறையில் இருப்பவருக்குக் கட்டையின் மெல்லிய தட்டலன்றி வேறொன்றும் கேளாது. யமஹா நிறுவனம் 1993இல் இத்தகைய பியானோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இரண்டிலும் கவனிக்க வேண்டியது உண்டு. தானியங்கிக்காகப் பெரும்பாலும் கட்டைகளைத் தாங்கும் அடிப்பலகையையே வெட்ட நேரும். ஓசையடக்கும் சட்டத்திற்காகச் சுத்தியலின் ஓட்டத்தைச் சற்று மாற்றினால், மென்மையாக வாசிக்கும் நயம் குறையக்கூடும். எதைப் பொருத்தினாலும் தந்திகளுக்குச் சுருதி சேர்ப்பது நீங்காத செலவு. நம் ஊர் வெயிலையும் ஐப்பசி ஈரத்தையும் மரம் அறியும்!

திருச்சபை என்ன சொல்லிற்று? 1903இல் புனித பத்தாம் பத்திநாதர் பியானோவையே ஆலயத்திலிருந்து விலக்கினார். 1958இல் உரோமைத் திருச்சடங்குப் பேராயம், தானியங்கி ஆர்கனும் ஒலிப்பதிவுக் கருவியும் வழிபாட்டில் கூடாது என்றது. ஆனால் மக்களுக்குப் பாட்டுக் கற்பிக்க அவற்றைப் பயன்படுத்தலாம் என்றும் சொன்னது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், குழாய் ஆர்கனைப் போற்றியதோடு, ஆலயத்திற்குத் தகுந்த பிற இசைக்கருவிகளுக்கும் வழிதிறந்தது. அதே ஏடு, மக்கள் முழுமையாக, உணர்ந்து, செயலாற்றிப் பங்கேற்பதையே முதன்மையாகக் கேட்கிறது. மின்காந்தம் அப்படிப் பங்கேற்குமா? விசுவாசம் கொண்ட ஒருவர் தடுமாறி வாசித்தாலும் அது காணிக்கை. பிழையின்றி ஒலிக்கும் பொறிக்குக் கொடுக்க ஒன்றுமில்லை.

நம் அண்டையில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் அவ்வூரைத் திருக்காவலூர் என்றழைத்து, அன்னைக்குக் கலம்பகம் பாடினார். தாய்மொழியல்லாத தமிழை எழுத்தெழுத்தாகப் பயின்ற பிறகல்லவா அவர் பாடினார்! பயிற்சியும் செபத்தின் ஒரு பகுதியே என்பதை நம் மண் அறியும்.

ஆகவே நம் கருத்து இது. பியானோ வரட்டும், ஓசையின்றிப் பழகும் கருவி முதலில் வரட்டும். வேலை முடிந்து இரவில்தான் நம் பிள்ளைகளுக்கு நேரம். அப்போது நற்கருணை ஆராதனை நடக்கும். பக்கத்து வீட்டில் பிள்ளை பிளஸ் டூ தேர்வுக்குப் படிக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழகினால் யாருக்கும் இடையூறில்லை. ஆசிரியர் வாசித்ததைப் பதிந்து, கட்டைகள் அசைவதை மாணவர் கண்டு கற்கத் தானியங்கி உதவும் என்பதையும் மறுக்கவில்லை. பணம் மிஞ்சினால் பின்னர் பார்ப்போம். திருப்பலியில் மட்டும் அது வாசிக்க வேண்டாம்.

அதைவிட அவசரமானது ஒன்று: ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் ஒரு பிள்ளையைக் கொடுங்கள். ஆசிரியருக்கான ஊதியத்தைப் பங்கு ஏற்கும். வாசிக்க ஆள் வராத ஞாயிற்றில், கருவியை மூடிவைத்துவிட்டு நாம் எல்லோரும் வாய்விட்டுப் பாடுவோம். அடைக்கல அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக!