எழுத்தறியாதார்க்கும் வழிகாட்டல்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



தர்மம் செய்வது ஒன்று. அது இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னாருக்குக் கிடைக்கும் என்பதை வருவோர் அறியும்படி செய்வது மற்றொன்று. முன்னதில் நம்மவர்கள் எவர்க்கும் இளைத்தவரல்லர். பின்னதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் விண்ணப்பித்துக்கொள்ள விரும்புகிறேன்.

மெக்ஸிகோ தேசத்தின் தலைநகரில் 1969-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 4-ந் தேதி பூமிக்கடியிற் செல்லும் ரயில் முதன்முதலாக ஓடலாயிற்று. எழுத்து வாசனையில்லாதோர் அந்நகரில் அக்காலத்தில் பலர் இருந்தனர். ஸ்டேஷன் பெயரை எழுதி வைத்தால் மட்டும் அவர்கள் இறங்குமிடத்தை எங்ஙனம் அறிவர்? லான்ஸ் வைமன் என்னும் அமெரிக்கச் சித்திரக்காரரும் அவருடைய சகாக்களும் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒவ்வொரு சித்திரம் வகுத்தனர். முதற்பாதைக்கு ரோஜா வர்ணம் ஏற்பட்டது.

சித்திரங்களை மனம்போனபடி அமைக்கவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. சாபுல்டெபெக் என்பதற்குப் பழைய நாவாட்டல் பாஷையில் வெட்டுக்கிளிக் குன்று என்று பொருள். ஆகவே அங்கே வெட்டுக்கிளி. மெர்ஸெத் ஸ்டேஷன் பெரிய சந்தையை அடுத்தது. அங்கே ஆப்பிள் பழப்பெட்டி. பினோ சுவாரெஸ் ஸ்டேஷனுக்காகத் தோண்டியபோது அஸ்டெக் மக்களின் சிறு கோயிலொன்று வெளிப்பட்டது. அக்கோயிலின் உருவமே அவ்விடத்து அடையாளமாயிற்று. பெயரும் கூடவே எழுதப்பட்டது. ஆகையால் படிக்கத் தெரியாதவர் என்று எவரையும் தனியே நிறுத்தி வெட்கப்படுத்த வேண்டிய அவசியமே இல்லாது போயிற்று. அச்சித்திரங்கள் இன்றும் அங்கே நிலைத்திருக்கின்றன.

நம் தேசத்திற்கும் இது புதிதன்று. 1951-52-ம் வருஷங்களில் நடந்த முதற் பொதுத்தேர்தலில் ஒவ்வோர் அபேட்சகருக்கும் தனிப்பெட்டி வைத்து, அதில் அவரவர் சின்னத்தை ஒட்டினார்கள். எழுத்தறியாத கோடிக்கணக்கானோர் சின்னத்தைக் கண்டே வாக்களித்தனர்.

இனி நம் சத்திரங்களையும் கல்யாண மண்டபங்களையும் பாருங்கள். நன்கொடையாளர் திருநாமங்கள் பளிங்குக் கல்லில் முழ உயரம் நிற்கின்றன. (அதைக் குறையென்று நான் கூறவில்லை, கொடுத்தவர் பெயர் நிற்கவே வேண்டும்.) குடிதண்ணீர் எங்கே, பெண்டிர் ஒதுங்குமிடம் எங்கே என்பதற்கோ ஒரு கோடும் கிடையாது. வெயிலில் வந்த பெண்மக்கள் கேட்கக் கூசித் தாகத்தோடு உட்கார்ந்திருக்கின்றனர்.

இதனினும் பெரிது கல்வி உதவிநிதி விளம்பரம். முகவுரை, ஸ்தாபகர் புகழ், தீர்மான வாசகம் எல்லாம் கழிந்த பின், விண்ணப்பிக்கும் கடைசித் தேதி அடிக்கோடியில் சிற்றெழுத்தில் ஒளிந்திருக்கிறது. தகப்பனையிழந்த பிள்ளை அதைக் காணாது ஒரு நாள் பிந்தி வந்தால் ஒரு வருஷப் படிப்பே போய்விடும். இவ்விடத்தில் சித்திரம் பயன்படாது, வரிசையே வேண்டும். முதலில் தேதி, பெரிய எழுத்தில். அடுத்து, யார் யார் கேட்கலாம் என்பது. பின்பு கொண்டுவர வேண்டிய சான்றுகள். அதன்பின் காரியாலயம் திறந்திருக்கும் நேரம். புகழுரைகள் அதன்கீழ் எவ்வளவு நீளமாயினும் இருக்கட்டும்.

செலவு அதிகமில்லை. ஆனால் பலகை எழுதுமுன் நிர்வாக சபையார் ஒரு பரீட்சை செய்யவேண்டுமென்பது என் பிரார்த்தனை. எழுத்தறியாத மூதாட்டி ஒருவரையும், பத்து வயதுச் சிறுவன் ஒருவனையும் மண்டபத்து வாயிலில் விட்டு, ஒருவரையும் கேளாமல் தண்ணீர்த் தொட்டிக்கும் காரியாலயத்திற்கும் போய்வரச் சொல்லுங்கள். அவர்கள் எங்கே தயங்கி நிற்கிறார்களோ அவ்விடத்தில் சுண்ணாம்பால் ஒரு குறியிடுங்கள். முதற் பலகை அங்கேதான் வேண்டும்.