விளையாட்டுத் திடலில் அவர்களுக்கும் இடம் வேண்டும்
(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி கூடிப் பேசுகிறோம். அறிவு வளர்ச்சியில் குறைபாடுடைய பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது அரிது. ஊரார் பரிகசிப்பார்களோ என்று அஞ்சி, பெற்றோர் பலர் அவர்களை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்கின்றனர். ஓடியாடாத உடல் தளர்கிறது; தோழமையின்றி மனமும் சோர்கிறது. இப்பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்து வரும் வழியையே இன்று கூற விரும்புகிறேன்.

அமெரிக்காவில் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் என்னும் அம்மையார், 1962-ல் தம் இல்லத்திலேயே இத்தகைய பிள்ளைகளுக்கு விளையாட்டு முகாம் நடத்தினார். அம்முயற்சி வளர்ந்து, 1968 ஜூலையில் சிகாகோ நகரில் முதல் சிறப்பு ஒலிம்பிக் போட்டி நடைபெற்றது. நம் நாட்டில் ‘சிறப்பு ஒலிம்பிக் பாரத்’ என்னும் அமைப்பு 2001-ல் பதிவு செய்யப்பட்டு இப்பணியை ஆற்றி வருகிறது. 2023-ல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் நம் நாட்டினர் 202 பதக்கங்கள் பெற்றனர்.

“என் பிள்ளையால் போட்டியிட முடியுமா?” என்று ஒரு தாய் கேட்கலாம். கபடியில் எடை பார்த்துப் பிரிவு வகுப்பதை நாம் அறிவோம். அதுபோல் இங்கு வயதையும் திறமையையும் பார்த்து, ஏறக்குறைய சமவல்லமை உடையவர்களை ஒரு பிரிவில் சேர்க்கின்றனர். மெல்ல ஓடும் பிள்ளையும் தனக்கு ஒத்தவரோடு ஓடுவதால், வெற்றி அப்பிள்ளைக்கும் எட்டுகிறது. குறைபாடு இல்லாதவரும் ஒரே அணியில் சேர்ந்தாடும் முறையும் உண்டு. அண்ணனும் தம்பியும் அவ்வாறு ஒன்றாக ஆடலாம்.

8 வயது நிறைந்தவர் போட்டியில் சேரலாம்; மேல் வயது வரம்பு கிடையாது. ஆகையால் 40 வயதுடையவரையும் விட்டுவிட வேண்டாம். முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் மூலம் அடையாள அட்டை பெறுங்கள். அடுத்து, மருத்துவரிடம் உடற்பரிசோதனை செய்வியுங்கள். ‘டவுன்’ நோய்க்குறி உடைய சிலருக்குக் கழுத்தெலும்பின் பிணைப்பு உறுதியற்றிருக்கும். குட்டிக்கரணம், நீரில் தலைகீழாகப் பாய்தல் போன்றவை அவர்களுக்கு ஆபத்தாகலாம். வலிப்பு உண்டென்றால் அதையும், உட்கொள்ளும் மருந்தையும் பயிற்சியாளரிடம் மறைக்காமல் கூறுங்கள். பின்னர் அருகிலுள்ள சிறப்புப் பள்ளியையோ, மேற்சொன்ன அமைப்பின் மாநிலக் கிளையையோ அணுகலாம்.

பஞ்சாயத்து செய்ய வேண்டியவை மூன்று. வார்டுதோறும் இத்தகையவர் யார் யார் என்று கணக்கெடுங்கள். வாரத்தில் சில மாலை வேளைகளை, ஊர்த் திடலில் அவர்களுக்கென ஒதுக்குங்கள். துணை நிற்க இளைஞர் இருவரை அமர்த்துங்கள். அவ்விளைஞர் சுருங்கச் சொல்லி, தாமே செய்து காட்டி, சலிப்பின்றித் திரும்பத் திரும்பக் கற்பிக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்குபெற வகை செய்வது அரசின் கடமை என்று 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் கூறுகிறது. அடைத்த கதவைத் தட்டி, “பிள்ளையை அனுப்புங்கள், அம்மா, நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்” என்று சொல்லவேண்டியவர் ஊராரே. அடுத்த கிராம சபையிலேயே இதற்குத் தீர்மானம் நிறைவேற்றுமாறு உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.