புண்ணாக்கில் நெய்த மேலங்கி

நூலோடும் பின்னலோடும் வாழும் திருப்பூர்த் தோழர்களே!

பல்லடம் வழியாக வந்தேன். ஒரு கறிக்கடையின் பின்புறம் கோழி இறகு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. நாம் அதைக் குப்பை என்கிறோம். ஆனால் இறகில் ஏறத்தாழ 90 விழுக்காடு கெரட்டின் என்னும் புரதம். ஆட்டு ரோமமும் அந்த இனம்தான். கம்பளியைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இறகைக் காசு கொடுத்து அப்புறப்படுத்துகிறோம்!

புரதத்தை நூலாக்க முடியுமா? முடிந்திருக்கிறது. 1930களில் இத்தாலியின் அந்தோனியோ ஃபெரெத்தி, வெண்ணெய் எடுத்த பாலின் கேசினிலிருந்து ‘லானிதால்’ இழையைச் செய்தார். அதே காலத்தில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வில்லியம் ஆஸ்ட்பரி, விதைப் புரதம் சுருண்டு கிடக்கும் நூல் என்று கண்டார். சுருளைப் பிரித்தால் இழை! எண்ணெய் ஆட்டிய நிலக்கடலைச் சக்கையின், நம் மொழியில் புண்ணாக்கின், புரதத்தைக் காரத்தில் கரைத்து, நுண்துளைகள் வழியே அமிலத்தில் பீய்ச்சினார்கள். ‘ஆர்டில்’ பிறந்தது. அந்த இழையில் ஆன மேலங்கியை ஆஸ்ட்பரியே அணிந்தார். 1951இல் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸில் ஆலை எழுந்தது. 1957இல் மூடப்பட்டது.

ஏன்? நனைந்தால் இழை வலுவிழந்தது. எதிரே நைலானும் பாலியெஸ்டரும் வந்து நின்றன. அந்தப் பாலியெஸ்டர்தான் இன்று மண்ணில் மக்காமல் கிடக்கிறது.

அதனால்தான் புரத நூலை மீண்டும் நினைக்கச் சொல்கிறேன். ஆனால் பசித்த பிள்ளையின் பாலை நூலாக்கச் சொல்லி நான் வரவில்லை. யாரும் உண்ணாத இறகைக் கேட்கிறேன். வேலை எளிதல்ல. கெரட்டினைக் கந்தக முடிச்சுகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அவிழ்த்தால்தான் கரையும், திரும்ப முடிச்சிட்டால்தான் வலு வரும். முடிச்சின் அருமை உங்களுக்குத் தெரியாதா?

இன்னொன்றையும் நெஞ்சில் வையுங்கள். சாயக்கழிவுக்கு நாம் கொடுத்த விலை நொய்யல் ஆறு. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாள்களை இந்த ஊர் மறக்காது. குப்பையை நூலாக்கப் போய் ஆற்றைக் குப்பையாக்கினால் அது வெற்றியல்ல. பயன்படுத்திய காரமும் அமிலமும் ஆலைக்குள்ளேயே சுத்தமாகித் திரும்ப வேண்டும்.

இறகு பல்லடத்தில். நூலறிந்த கை திருப்பூரில். இரண்டும் ஒரே மாவட்டம். நம் கல்லூரி ஆய்வுக்கூடங்களும் நூற்பாலைகளும் ஒரு மேசையில் அமரட்டும். முதல் மூட்டை இறகு அந்த மேசைக்குப் போகட்டும்.