கருத்தும் ஓர் அமானிதமே

 

 

இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியேறியதும் நாம் என்ன செய்கின்றோம் என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். பக்கத்துத் தேநீர்க் கடையில் அமர்கின்றோம். ஒருவர், பாராளுமன்றத்தில் இருக்கும் 225 பேரும் கள்ளர்கள் என்கிறார். மற்றொருவர், கம்பெனிக்காரர்கள் கூடிப் பேசியே பால்மாவின் விலையை ஏற்றுகின்றனர் என்கிறார். மூன்றாமவர், தொலைக்காட்சியில் வருவதெல்லாம் பொய் என்று சொல்லிவிட்டு, தமது கையடக்கத் தொலைபேசியில் வந்த ஒரு குரல் பதிவை எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறார். நான்காமவர், இக்காலத்து வேலையாட்களுக்கு நன்றி என்பதே இல்லை என்று அலுத்துக்கொள்கிறார். அரை மணி நேரத்தில் நான்கு வழக்குகளை எடுத்து, நான்குக்கும் தீர்ப்பு வழங்கிவிட்டு வீடு திரும்புகின்றோம். சாட்சிகளை எவரும் விசாரிக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று யாரேனும் கேட்டுவிட்டால், "அது என் கருத்து" என்று சொல்லி முடித்துவிடுகின்றோம்.

அன்பர்களே! கேள்வி கணக்கில்லாத கருத்து என்று ஒன்று நமது மார்க்கத்தில் இருக்கின்றதா? சூரா பனீ இஸ்ராயீலின் 36ஆம் வசனத்தில், நமக்கு அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்று அல்லாஹ் தடுக்கின்றான். செவி, பார்வை, உள்ளம் ஆகிய மூன்றும் விசாரிக்கப்படும் என்று அதே வசனத்தில் எச்சரிக்கின்றான். செவி என்பது நாம் கேட்ட செய்தி. பார்வை என்பது நாம் கண்ட காட்சி. உள்ளம் என்பது அவ்விரண்டிலிருந்தும் நாம் எடுத்துக்கொண்ட முடிவு. அந்த முடிவைத்தான் நாம் கருத்து என்கின்றோம். அதுவும் மறுமையில் கேட்கப்படும் என்றால், அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதமே.

இதனால், வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று இஸ்லாம் சொல்வதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. ஹஸ்ரத் அபூபக்ர் (ரழி) அவர்கள் கிலாபத்தை ஏற்றதும் ஆற்றிய முதல் உரையிலேயே, தாம் நேராக நடந்தால் உதவுமாறும், தவறினால் திருத்துமாறும் மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். அநீதியான ஆட்சியாளன் முன் உண்மையை உரைப்பதை நபி (ஸல்) அவர்கள் சிறந்த ஜிஹாதாகக் கூறினார்கள். ஆகவே கருத்துச் சொல்ல வேண்டும். ஆனால் சாட்சி சொல்பவனைப் போலச் சொல்ல வேண்டும். வதந்தி பரப்புபவனைப் போலச் சொல்லக் கூடாது.

விசாரிக்காத கருத்து என்ன செய்யும் என்பதை இலங்கை முஸ்லிம்களாகிய நமக்கு வேறு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் பரிமாறிய உணவில் கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாகக் கூச்சல் எழுந்தது. அங்கிருந்த ஊழியர் சிங்களம் சரியாகத் தெரியாதவர். கூட்டத்தின் நடுவே அச்சத்தில் அவர் தலையசைத்ததும், அதுவே ஒப்புதல் வாக்குமூலமாகப் படம் பிடிக்கப்பட்டுப் பரப்பப்பட்டது. உணவகம் தாக்கப்பட்டது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது, அது மாவுக் கட்டி என்று தெரியவந்தது. ஒரு மாவுக் கட்டிக்காக அல்லாஹ்வின் இல்லம் ஒன்று சேதமாக்கப்பட்டது.

அடுத்த வாரமே கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய முதலிய இடங்கள் எரிந்தன. வீதித் தகராறு ஒன்றில் தாக்கப்பட்ட சிங்களச் சாரதி ஒருவர் உயிரிழந்திருந்தார். அது குற்றம். செய்தவர்கள் நீதிமன்றத்தின் முன் நிற்க வேண்டியவர்கள். ஆனால் முகநூலில் பரவிய பேச்சு, சிலர் செய்ததை ஒரு சமூகத்தின் குற்றமாக்கியது. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. ஏறத்தாழ ஒரு வாரம் முகநூல் முடக்கப்பட்டது. தமது தளம் அக்கலவரத்துக்குத் துணைபோனதற்காக அக்கம்பெனி 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைகளுக்கு அந்த மன்னிப்பு இரண்டு வருடம் கழித்தே வந்து சேர்ந்தது.

2019 மே மாதத்தில், ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கருத்தடை செய்ததாகக் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் மீது பத்திரிகைச் செய்தி பரவியது. அதற்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆனாலும் அவர் வேலையை இழந்து பல காலம் காத்திருந்தார். 2022இல் தமக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளத்தை, நாடு மருந்தின்றித் தவித்த அந்நேரத்தில், மருந்து வாங்குவதற்கென்றே அன்பளிப்புச் செய்தார். அவதூறுக்கு ஒரு முஃமின் கொடுக்க வேண்டிய பதில் இதுதான்.

இவற்றைச் சொல்லும்போது நமது கண்கள் கலங்குகின்றன. ஆனால் சகோதரர்களே, இதே தவறை நாமும் செய்வதில்லையா? இங்கே என்னைப் பற்றியே ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கின்றது.

சில வருடங்களுக்கு முன்னர், நான் கடமையாற்றிய ஊருக்கு அருகில், வயோதிபரான ஒரு சிங்களச் சகோதரர் சிறியதொரு பேக்கரி நடத்தி வந்தார். அவரது கேக்கில் பன்றிக் கொழுப்புச் சேர்க்கப்படுவதாக ஒரு குரல் பதிவு எனக்கு வந்தது. பேசியவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஹலால் விடயம் ஆயிற்றே, மக்களை எச்சரிப்பது என் பொறுப்பல்லவா என்று எண்ணி, பள்ளிவாசல் வட்ஸ்அப் குழுவுக்கு அதை அனுப்பிவிட்டேன். மௌலவி அனுப்பினார் என்ற ஒரே காரணத்தால் ஊரே அதை நம்பியது. ஒரு மாதம் கழித்து, ஒரு ளுஹர் நேரத்தில் அந்தப் பெரியவர் பள்ளிவாசல் வாசலுக்கு வந்தார். கையில் மாஜரின் பெட்டியின் மட்டை. "மௌலவிதுமா, இதை வாசித்துப் பாருங்கள்" என்று நீட்டினார். தாவர எண்ணெய் என்று எழுதியிருந்தது. பத்து வருடமாக அதையே வாங்குவதாகச் சொன்னார். வேலைக்கு நின்ற இரண்டு பிள்ளைகளை நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். அதில் ஒருவர் நமது ஊர் முஸ்லிம் பிள்ளை. அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த ஜும்ஆவில் மிம்பரில் நின்று என் தவறைச் சொன்னேன். அவரிடம் நேரில் சென்று மன்னிப்பும் கேட்டேன். ஆனால் என் முதற் செய்தி எத்தனை தொலைபேசிகளுக்குச் சென்றதோ, அத்தனைக்கும் என் திருத்தம் சென்று சேரவில்லை. அம்பாறையில் நமக்கு நடந்ததும், அந்தப் பேக்கரிக்காரருக்கு என்னால் நடந்ததும் அளவில் வேறாக இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றே. கேட்டோம், நம்பினோம், அனுப்பினோம். கேள்விப்படுவதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்ற கருத்திலமைந்த நபிமொழியை இமாம் முஸ்லிம் (ரஹ்) பதிவுசெய்திருக்கின்றார்கள். அரபுக் கல்லூரியில் அதை ஓதிக் கொடுத்தார்கள், மனனமும் செய்தேன். ஆயினும் விரல் திரையைத் தொட்ட அந்த வினாடியில் அது என் நினைவுக்கு வரவில்லை.

அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் மீது நயவஞ்சகர்கள் அவதூறு பரப்பியபோது மதீனா ஏறத்தாழ ஒரு மாதம் கொந்தளித்தது. அப்போது அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரழி) அவர்களின் மனைவி, மக்கள் பேசுவதைக் கேட்டீர்களா என்று கணவரிடம் வினவினார்கள். அவர்கள் திருப்பிக் கேட்ட கேள்வி, நீ அப்படிச் செய்வாயா என்பதே. மாட்டேன் என்றதும், ஆயிஷா உன்னைவிடச் சிறந்தவர் அல்லவா என்றார்கள். வீட்டுக்குள் வந்த வதந்தி அந்த வீட்டோடு முடிந்தது. கணவனும் மனைவியும் பேசிய இரண்டு வார்த்தைகளே அதற்குப் போதுமாயிருந்தன. பெற்றோர்களே, உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்படி எத்தனை வதந்திகள் முடிந்திருக்கின்றன? எத்தனை அங்கிருந்து புறப்பட்டிருக்கின்றன?

இன்னுமொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். நமது கருத்து என்று நாம் நினைப்பது பல வேளைகளில் பிறர் பணம் கொடுத்து நமக்குள் விதைத்தது. முகநூல் இலவசம் என்கின்றோம். உண்மையில் அங்கே விற்கப்படுவது நமது கவனமே. எந்தச் செய்தி நம்மைக் கோபப்படுத்தி அதிக நேரம் பார்க்க வைக்கின்றதோ, அது மேலே வருகின்றது. தொலைக்காட்சியும் பத்திரிகையும் பெரும்பாலும் விளம்பர வருமானத்திலேயே வாழ்கின்றன.

குழந்தைப் பால்மாவையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முழுமையாகப் பாலூட்ட விரும்பும் தாய்மார் இரண்டு வருடங்கள் பாலூட்டுவதைப் பற்றி சூரா பகராவின் 233ஆம் வசனம் பேசுகின்றது. ஆனால் புட்டிப்பால்தான் பிள்ளைக்குப் புத்தியையும் புஷ்டியையும் தரும் என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது. அதைப் பரப்பியவை கம்பெனிகளின் விளம்பரங்கள். நிலைமை எவ்வளவு தூரம் சென்றதென்றால், 1981இல் உலக சுகாதார சபை கூடி, தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளை விற்பனைப்படுத்துவதற்கென்றே ஒரு சர்வதேச ஒழுக்கக் கோவையை நிறைவேற்ற வேண்டியதாயிற்று. பாலூட்ட இயலாத தாய்மாரை நான் இங்கே குறை சொல்லவில்லை. அவர்களுக்கு மார்க்கத்தில் இலகு உண்டு. நான் கேட்பதெல்லாம், "எனக்கு அப்படித்தான் தோன்றுகின்றது" என்று ஓர் உம்மா சொல்லும்போது, அந்தத் தோற்றம் எங்கிருந்து வந்தது என்பதையே.

இனி, தொழில் வாழ்க்கைக்கு வருவோம். பெரிய கம்பெனிகள் ஏழைகளைச் சுரண்டுகின்றன என்று நாம் உரத்துப் பேசுகின்றோம். பேசுங்கள். ஆனால் நமது சொந்தக் கடையில் நிற்கும் பிள்ளைக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டுகின்றோமா? நாட்டின் சட்டப்படி அதற்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். ஒரேயோர் ஊழியர் இருந்தாலும் சட்டம் சட்டமே. மாதம் 40,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு முதலாளியின் பங்கு மட்டும் மாதத்துக்கு 6,000 ரூபாய். வருடத்துக்கு 72,000. பத்து வருடம் நம்மிடம் உழைத்தவர் விலகிச் செல்லும்போது 7,20,000 ரூபாயை, அதன் மேலதிக வருமானத்தோடு, அவர் இழந்து செல்கின்றார். "நம்ம பொடியன்தானே, பெருநாளைக்கு உடுப்பு வாங்கிக் கொடுக்கிறேனே" என்று சொல்லும் முதலாளி நானாமார்களே! பெருநாள் உடுப்பு ஸதகா. அந்தப் பணமோ கடன். ஸதகாவால் கடன் தீராது. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வாதாடுவதாக அல்லாஹ் கூறுவதை இமாம் புஹாரி (ரஹ்) அறிவித்திருக்கின்றார்கள். கம்பெனிகளுக்கு எதிராக மட்டுமே அந்த வாதம் என்று எங்கும் சொல்லப்படவில்லை.

அவ்வாறே, வேலை நேரத்தில் கையடக்கத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே முதலாளியின் அநியாயத்தைப் பேசும் இளைஞரும் சிந்திக்க வேண்டும். நபி மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்துமாறு கூறிய அந்தப் பெண்மணி, பலமும் நம்பிக்கையும் உள்ளவரே வேலைக்குச் சிறந்தவர் என்று தந்தையிடம் சொன்னதை சூரா கஸஸ் 26ஆம் வசனம் எடுத்துரைக்கின்றது. சம்பளத்தைப் பற்றிப் பேசும் உரிமை, வேலையைப் பேணியவருக்கே அழகாகப் பொருந்தும்.

அரசியலும் இதே விதமானதே. 225 பேரும் கள்ளர்கள் என்றால் அவர்களை அனுப்பியவர்கள் யார்? விருப்பு வாக்கு மூன்றையும் நாம்தானே அளித்தோம்? உத்தியோகம் எடுத்துத் தருவார், வீதி போட்டுத் தருவார், எங்கள் ஊரவர் என்று அளித்த வாக்கும் ஒரு சாட்சியமே. பிரதேச சபை வீதிப் பணத்தை விழுங்கிவிட்டது என்று தேநீர்க் கடையில் ஐந்து வருடம் பேசலாம். அல்லது ஒரு தாளில் ஒரு கேள்வியை எழுதலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரஜையும் அரச நிறுவனம் ஒன்றிடம் தகவல் கேட்கலாம். தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கின்றீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற தீர்மானத்தை அவர்கள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்று சூரா ஹுஜுராத் 6ஆம் வசனம் இட்ட கட்டளையை நிறைவேற்ற, நாட்டின் சட்டமே ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கின்றது. பதில் வந்த பிறகு பேசுங்கள். களவு என்று தெரிந்தால் அஞ்சாது சொல்லுங்கள். களவு இல்லை என்று தெரிந்தால் அதையும் அதே குரலில் சொல்லுங்கள்.

இளைஞர்களே! ஒன்றைப் பகிர்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதை எனக்குச் சொன்னவர் யார்? இதை நான் நம்புவதால் இலாபம் அடைபவர் யார்? இது பொய்யாக இருந்தால் பாதிக்கப்படுபவர் யார்? மூன்றாவது கேள்வியை நான் அன்று கேட்டிருந்தால், ஒரு பெரியவர் மட்டையைக் கையில் ஏந்தி அல்லாஹ்வின் இல்லத்து வாசலில் நின்றிருக்க மாட்டார்.

பெற்றோர்களே! பிள்ளைகள் நமது உபதேசத்தைவிட நமது பேச்சையே அதிகம் கேட்கின்றனர். "வாப்பா, அது உண்மை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று உங்கள் மகன் கேட்டால் அதட்டாதீர்கள். அவனைத் தட்டிக்கொடுத்து, "தெரியாது மகன், விசாரித்துப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது நமது இமாம்களின் வழக்கம்.

யா அல்லாஹ்! எங்கள் செவிகளையும் பார்வைகளையும் உள்ளங்களையும் பாதுகாப்பாயாக! எங்கள் நாவாலும் விரலாலும் எவருக்கேனும் அநீதி நேர்ந்திருந்தால், மறுமைக்கு முன்பே அதைத் தீர்த்துக்கொள்ளும் துணிவை எங்களுக்குத் தருவாயாக! இந்த நாட்டில் எல்லா மக்களும் அச்சமின்றி வாழ அருள்புரிவாயாக! ஆமீன்.